சாட்ஸ்வொர்த்துல 60 வருஷத்து வீடு: இடிச்சு 'கிரீன்' வீடா கட்டவா, இருக்கிறதையே சரி பண்ணவா?

மருமகன்_நெல்லை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் தென்னாப்பிரிக்கால டர்பன் வந்து ஒம்போது வருஷம் ஆச்சு, சொந்த ஊரு திருநெல்வேலி பக்கம், வீட்டுக்காரி இங்கயே பொறந்து வளந்தவ, நாலாம் தலைமுறை. அவ ஆயா வீடு (இங்க பாட்டிய ஆயான்னு தான் கூப்புடுவாங்க) சாட்ஸ்வொர்த் யூனிட் 3ல இருக்கு. கவுன்சில் கட்டிக்குடுத்த ஒட்டு வீடு, நடுச்செவரு பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் பொது, மேல ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு. மேகசின் பாரக்ஸ்ல (நகராட்சி வேலைக்காரங்க குடியிருந்த எடம்) இருந்து கெளப்பி விட்டப்ப வந்து ஏறின வீடு, அதாவது 60 வருஷம் தாண்டிருச்சு. பிப்ரவரி மாசம் மத்தியானம் ரெண்டு மணிக்கு அந்த நடு ரூம்ல ஒக்காந்து பாருங்க, இட்லி பாத்திரத்துக்குள்ள ஒக்காந்த மாதிரி இருக்கும், ஃபேன் போட்டா சூடு காத்து தான் தலைல எறங்கும்.

இப்ப மாமனார் இடிச்சுட்டு மாடி வச்சுக் கட்டலாங்கிறார். என் ஆபீஸ்ல ஒருத்தர், டர்பன் நகராட்சி உலக அளவுல கையெழுத்துப் போட்டிருக்கு, 2030க்கு அப்புறம் புதுசா கட்டுறது எல்லாம் நெட் ஜீரோவா (மொத்தக் கணக்குல கரியமில வாயு வெளிய விடாத மாதிரி) இருக்கணும், இப்பவே கிரீன் பில்டிங்கா பிளான் குடுத்தா மானியம் கெடைக்கும்னு சொல்றார். இன்னொருத்தர் அதெல்லாம் சும்மா பேப்பர்ல இருக்கிறதுங்கிறார். எனக்கு மூணு விஷயம் தெரியணும். நகராட்சி நெசமாவே எதாவது குடுக்குதா, பிளான் பாஸ் ஆக என்னென்ன கேப்பாங்க, அப்புறம் முக்கியமா, இடிக்கிறது புத்திசாலித்தனமா. ஆயாவுக்கு இடிக்கிறதுல கொஞ்சமும் இஷ்டமில்ல, ஆனா யாரு அவங்கள கேக்குறா.

வரைபடக்காரன் எழுதியது:

தம்பி, நான் இருபது வருஷமா டர்பன்ல வீட்டு பிளான் வரைஞ்சு நகராட்சில குடுத்து வாங்குறவன், அதனால கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிக்கிற ஆளா சொல்றேன்.

முதல்ல அந்தக் கையெழுத்து விஷயம். அது நெசம். 2018 ஆகஸ்ட்ல சி40ன்னு பெரிய நகரங்களோட கூட்டமைப்பு ஒரு அறிவிப்பு விட்டுச்சு, டர்பன், கேப் டவுன், ஜோபர்க், ட்ஷ்வானே நாலும் அதுல சேந்துச்சு. 2030ல இருந்து புதுக் கட்டடம் எல்லாம் நெட் ஜீரோ கார்பனா இருக்கணும், 2050க்குள்ள பழசு புதுசு எல்லாமே. ஆனா அது நகரம் தனக்குத்தானே வச்சுக்கிட்ட இலக்கு. உங்க பிளானை எடுத்துப் பாக்குற ஆபீசர் மேசைல அந்த அறிவிப்பு இருக்காது, சான்ஸ் 10400 எக்ஸ்ஏ தான் இருக்கும். கட்டடத்துல சக்திய மிச்சம் பண்ணச் சொல்லி 2011ல வந்த நாட்டுப் பொதுவான விதி அது, 2021ல திருத்துனாங்க. புதுசா கட்டினாலும் சரி, இருக்கிறதோட சேத்துக் கட்டினாலும் சரி, அது வந்து நிக்கும். அது கேக்குறது: வெந்நீருக்கு வருஷத்துல ஆகுற சக்தில பாதியாச்சும் சாதா மின்சாரக் கம்பிச்சுருள் இல்லாம வேற வழில வரணும், அதாவது சோலார் கீசரு, இல்லன்னா ஹீட் பம்ப்பு. கூரைக்கு அடில இன்சுலேஷன். ஜன்னல் கண்ணாடி தரைப்பரப்புல 15 சதத்தைத் தாண்டுச்சுன்னா தனியா கணக்குப் போட்டுக் காட்டணும். அவ்ளோதான் உங்க 'கிரீன் பிளான்'. பெரிய பேரு, வேலை சின்னது.

மானியம்னு கேட்டீங்க. வீட்டுக்காரன் கையில காசா குடுத்து நான் ஒரு தடவ கூடப் பாத்ததில்ல. 2023 மார்ச்ல இருந்து 2024 பிப்ரவரி வரைக்கும் மத்திய சர்க்காரு வருமான வரில சோலார் பேனலுக்கு 25 சதம், அதிகபட்சம் 15,000 ரேண்ட் கழிச்சுக் குடுத்துச்சு, அதுவும் பேனலுக்கு மட்டும், பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் கெடையாது. அந்தக் கதவு மூடியாச்சு. அதனால மானியத்தை மனசுல வச்சு கணக்குப் போடாதீங்க.

இப்ப இடிக்கிற விஷயம். உங்க மாமனார்கிட்ட ரெண்டு கேள்வி கேளுங்க. ஒண்ணு, அந்தப் பொதுச் செவத்தை என்ன பண்ணுவாரு? ஒட்டு வீட்டுல ஒரு பாதிய இடிச்சா பக்கத்து வீட்டு ஆளோட கூரைக்கும் செவத்துக்கும் நீங்க தான் பொறுப்பு, எஞ்சினியர் கையெழுத்து இல்லாம ஒண்ணும் நகராது, அதுக்குள்ள அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் இருந்த அறுபது வருஷத்துப் பேச்சுவார்த்தையும் போயிரும். ரெண்டாவது, 60 வருஷம் தாண்டின எந்தக் கட்டடத்தையும் இடிக்கவோ மாத்தவோ பாரம்பரியத் துறை அனுமதி வேணும்னு 1999 சட்டம் இருக்கு, நம்ம மாநிலத்துல அமாஃபா தான் அதைப் பாக்குது. எல்லாரும் அது டவுன் ஹால், கோயில் மாதிரி கட்டடத்துக்கு மட்டும்னு நெனைக்கிறாங்க. இல்ல. சாட்ஸ்வொர்த் கவுன்சில் வீடுங்க ஒவ்வொண்ணா இப்ப தான் அந்த 60ஐத் தாண்டுது, அதனால ஜனங்களுக்கு இன்னும் இது தெரியவே இல்ல, பிளானைக் குடுத்துட்டு ஏன் நிக்குதுன்னு என்கிட்ட வந்து கேக்குறாங்க. சாதாரண வீடுன்னா அனுமதி கெடைக்கும் தான், ஆனா போட்டோ, ஃபாரம், காத்திருப்புன்னு இழுக்கும். சட்டப்படி 500 சதுர மீட்டருக்குக் கீழ இருக்கிற கட்டடத்துக்கு நகராட்சி 30 நாள்ல முடிவு சொல்லணும், ஆனா அந்த 30 நாள் எல்லா காகிதமும் முழுசா உள்ள போன பின்னாடி தான் ஆரம்பிக்கும். பாதிப்பேரு மாட்டிக்கிறது அங்க தான்.

என் அபிப்பிராயம் கேட்டா, செவரு நல்லா இருந்தா இடிக்காதீங்க. அந்தக் காலத்துச் செங்கல், நான் துளை போட்டுப் பாத்திருக்கேன், டிரில் பிட்டு தான் தேஞ்சுச்சு.

மூணாந்தலைமுறை எழுதியது:

நான் டர்பன் கிளேர்வுட்டில் பிறந்தவன். வயது எழுபத்து மூணு. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியில் படித்த தமிழ் தான், தப்பு இருந்தால் பொறுத்துக்கோங்க.

இந்த 'மறுசீரமைப்பு', 'நகர மேம்பாடு'ன்னு சொன்னால் என் வயசுக்காரங்களுக்கு வயித்தை கலக்கும். மேகசின் பாரக்ஸை இடிச்சப்பவும் நகராட்சிக்காரன் அதே வார்த்தை தான் சொன்னான், சுகாதாரம், நல்ல வீடு, புது இடம். நகராட்சிக்கு குப்பை அள்ளின, ரோடு போட்ட நம்ம ஆளுங்க தலைமுறை தலைமுறையா இருந்த எடம், இப்போ அந்த பக்கம் கோர்ட்டு நிக்குது. கேட்டோ மேனர்ல தோட்டம் போட்டவங்களையும் அப்படித்தான் ஏத்தி அனுப்பினான். எந்த இனம் எந்த இடத்தில் இருக்கணும்னு பிரிச்ச, 1950ல் வந்த குரூப் ஏரியாஸ் சட்டம். கிளேர்வுட்ல எங்களை தூக்க முடியல, ஆனா வீட்டுக்கு நடுவுல லாரி ஷெட்டு வந்தது. சர்தார் ரோட்ல கோயிலுக்கு காவடி எடுத்து போறப்ப பக்கத்துல பதினெட்டு சக்கர லாரி திரும்பும், நானே பாத்தது.

அதனால நகராட்சி 'பசுமை'ன்னு சொன்னா நான் முதல்ல பாக்குறது யார் இருக்காங்க, யார் போறாங்கன்னு தான். ஆனா ஒண்ணு நல்லது சொல்லணும். 2011ல் டர்பன்ல அந்த பெரிய உலக பருவநிலை மாநாடு நடந்ததே, சிஓபி 17, அந்த நேரம் கேட்டோ மேனர்ல ஒரு தெருவுல 30 ஏழை வீட்டை எடுத்து சரி பண்ணினாங்க, கிரீன் பில்டிங் கவுன்சில்காரங்க. ஒரு வீட்டையும் இடிக்கல, ஒரு ஆளையும் ஏத்தி அனுப்பல. சோலார் கீசர், கூரைக்கு கீழே சீலிங் போட்டு இன்சுலேஷன், நல்ல பல்பு, மழைத்தண்ணி தொட்டி, சோறு கொதிச்ச பிறகு எடுத்து வைக்கிற வெப்பப் பொட்டி. அந்த பொட்டியை பாத்து நான் சிரிச்சேன். எங்க ஆயா அதையே வைக்கோல் போட்ட மரப்பெட்டியில பண்ணினாங்க, பருப்பு ஒரு கொதி வந்ததும் சட்டியோட உள்ள வச்சு மூடி, கரும்பு வயலுக்கு போயிட்டு வந்தா வெந்து கிடக்கும்.

உங்க வீட்டு ஆயாவை கேளுங்க தம்பி. அவங்களுக்கு தெரியும் அந்த வீட்டுல காத்து எந்த பக்கம் வரும்னு.

கேப்டவுன்வாசி எழுதியது:

பெரியவர் சொன்னதுக்கு ஒரு கும்புடு. எங்க ஊர்ல பெரிய அளவுல அதே தான் நடந்துருக்கு. வாட்டர்ஃபிரண்ட்ல 1920கள்ல கட்டின பழைய தானியக் கிடங்கு, 42 கான்கிரீட் குழாய், துறைமுகத்துல பல வருஷம் சும்மா நின்னுச்சு. இடிக்காம அந்தக் குழாய்ங்களையே உள்ளுக்குள்ள குடைஞ்சு 2017ல மியூசியமாக்கிட்டாங்க, மேல ஓட்டல். பக்கத்துல இருக்கிற நம்பர் ஒன் சைலோ ஆபீசு தான் இந்த நாட்டுல 6 ஸ்டார் கிரீன் ரேட்டிங் வாங்கின முதல் வரிசைக் கட்டடங்கள்ல ஒண்ணு, கடல் தண்ணிய வச்சுக் குளிரூட்டுறாங்க. ஆனா பாருங்க, அந்த ஸ்டார் ரேட்டிங் எல்லாம் பெரிய முதலாளிங்களுக்கு. அங்க வாடகை கேட்டா நமக்கு வேர்க்கும், அப்புறம் எந்தக் கடல் தண்ணியும் குளிர வைக்காது.

வீட்டுக்காரனுக்கு எங்க நகராட்சி பண்ணின உருப்படியான காரியம் சோலார். பேனல் போட்டு முறையா பதிஞ்சு ரெண்டு பக்கமும் எண்ணுற மீட்டர் வச்சா, நாம திருப்பி அனுப்புற கரண்டுக்கு பில்லுல கழிப்பாங்க, 2023ல இருந்து காசாவே குடுக்கவும் ஆரம்பிச்சாங்க. டர்பன்லயும் பதிவு கட்டாயம் தான். தரமில்லாத இன்வெர்ட்டர பதியாம போட்டு வச்சா லைனை ரிப்பேர் பண்ண வர்றவன் செத்துப்போகலாம், ஏன்னா அவன் கரண்ட் ஆஃப்னு நெனச்சுத் தொடுவான், உங்க இன்வெர்ட்டர் திருப்பி அனுப்பிக்கிட்டு இருக்கும். இதை யாரும் வெளையாட்டா எடுத்துக்காதீங்க.

அப்புறம் தண்ணி. 2018ல எங்களுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர்னு கட்டுப்பாடு போட்டாங்க. குளிக்கிறப்ப கால்கிட்ட வாளி வச்சு அந்தத் தண்ணிய டாய்லெட்ல ஊத்துனோம். என் மக அப்ப ஒண்ணாங்கிளாஸ், இன்னைக்கும் பல்லு வெளக்குறப்ப கொழாய மூடிட்டு தான் வெளக்குவா. புதுசா எதைக் கட்டினாலும் குளியலறைத் தண்ணிக்கும் கக்கூசுத் தண்ணிக்கும் தனித்தனி பைப்பு இப்பவே போட்டு வைங்க. பின்னாடி தரைய ஒடச்சுப் போடுறது நாலு மடங்கு செலவு.

மருமகன்_நெல்லை எழுதியது:

ரொம்ப நன்றி எல்லாருக்கும். அமாஃபா விஷயம் கேட்டதும் மாமனார் மொகத்தப் பாக்கணுமே. "இந்த வீட்ட கட்டினவனே எங்கள வெரட்டிவிட்டவன், இப்ப இது பாரம்பரியமா"ன்னு ஒரே சத்தம். நான் பதில் பேசல.

சோலார் கீசர்ல ஒரு சந்தேகம். என் மச்சான் வீட்டுல ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு காண்டிராக்டர் போட்டுக் குடுத்தாரு, ஆடி மாசக் குளிருல தண்ணி வெதுவெதுன்னு கூட வர்றதில்ல, நாள் பூரா கரண்ட்ல தான் ஓடுது. நான் மேல ஏறிப் பாத்தேன், நல்லா வெயில் படுற மாதிரி தெக்கு பாத்து சாச்சு வச்சிருக்கு. எங்க ஊர்லயும் தெக்கு பாத்து தானே வைப்போம்? அப்ப கோளாறு எங்க? இதனால மாமனார் சோலாரே வேணாம், பழைய கீசரே போதும்னு நிக்கிறார்.

வரைபடக்காரன் எழுதியது:

தம்பி தம்பி. கோளாறே அது தான்!

திருநெல்வேலி நடுக்கோட்டுக்கு வடக்கால இருக்கு, அதனால சூரியன் வருஷத்துல பெரும்பாலும் தெக்கால சாஞ்சு போகும், பேனல தெக்கு பாத்து வைக்கிறீங்க. டர்பன் நடுக்கோட்டுக்கு தெக்கால 30 டிகிரில இருக்கு. இங்க சூரியன் வடக்கு வழியா போகும். பேனல் வடக்கு பாக்கணும், சாய்வு 30ல இருந்து 40 டிகிரிக்குள்ள. தெக்கு பாத்து வச்சா ஜூன் ஜூலைல வெயில் அதோட முதுகைத் தடவிட்டுப் போகும், மூஞ்சில விழாது. அந்த ஆளு கூரை எந்தப் பக்கம் தெருவுல இருந்து தெரியாம இருக்கோ அந்தப் பக்கம் மாட்டிட்டுப் போயிருப்பான், இல்லன்னா ஏணி வைக்க எது வசதியோ அந்தப் பக்கம். நான் பாத்த தப்பு சோலார்ல பாதி இந்தக் கதை தான். உங்க மச்சான கூரையோட அடுத்த சரிவுக்கு மாத்தச் சொல்லுங்க, மெஷின்ல கோளாறு இருக்காது.

இதே காரணத்துக்குத் தான் வாஸ்து புஸ்தகத்த அப்படியே இங்க கொண்டாந்து வச்சா சிக்கல். ஊர்ல வடக்குப் பக்கம் குளுமை, அதனால அது அதுக்குத் தகுந்த ரூம் சொல்லியிருக்காங்க. இங்க குளிர்காலத்து வெயில் வேணும்னா வடக்கு ஜன்னல் தான் கதி, மேல ஒரு ரெண்டடி சன்ஷேடு போட்டா கோடைல உச்சி வெயில் உள்ள வராது, குளிர்காலத்துல தாழ்ந்த வெயில் கட்டில் வரைக்கும் வரும். மேக்கு தான் எல்லா ஊருலயும் எமன். நான் சாமிய கும்புடுறவன் தான், சூரியன் எந்த வழி போறார்னு பாத்துட்டு அப்புறம் சாமி ரூமுக்கு எடம் பாப்பேன்.

கீசர் கணக்கு ஒண்ணு சொல்றேன், மாமனார்கிட்ட காட்டுங்க. 150 லிட்டர் தண்ணிய 20 டிகிரில இருந்து 60க்கு ஏத்த ஏறக்குறைய 7 யூனிட் ஆகும். யாரும் குளிக்காம பழைய கீசர் சும்மா நின்னாலே ஒரு நாளைக்கு 2 யூனிட்டுக்கு மேல சூடு வெளிய போயிரும். ஆறு பேர் இருக்கிற வீட்டுல ஒரு நாளைக்கு எத்தன தடவ நெறையுதுன்னு அவரே பெருக்கிப் பாக்கட்டும், அப்புறம் போன மாச பில்லப் பாக்கட்டும். டர்பன்ல நமக்கு ஒரு அதிர்ஷ்டம் என்னன்னா உறைபனி கெடையாது, அதனால தண்ணியே நேரா குழாயில ஓடுற சாதா மாடல் போதும். ஜோபர்க்ல அப்படி போட்டா ஒரு ராத்திரி உறைஞ்சு குழாய் வெடிச்சுரும். ஆனா கடல் உப்புக்காத்து இருக்கு, ஆணி போல்ட்டு எல்லாம் துருப்பிடிக்காத ஸ்டீல்னு எழுதி வாங்குங்க.

இன்னொரு முக்கியமான விஷயம், நேத்தே சொல்லியிருக்கணும், மறந்துட்டேன். அந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுல யாரையும் ஓட்டை போட விடாதீங்க. பேனல் மாட்டுறேன்னு ஏறி டிரில் போடுவான், பாசி புடிச்சிருக்குன்னு பிரஷர் பம்பு வச்சுக் கழுவுவான், ரெண்டுமே நுரையீரலுக்குப் போற தூசி. இந்த நாட்டுல 2008லயே ஆஸ்பெஸ்டாஸ தடை பண்ணியாச்சு, 2020ல வந்த விதிப்படி அத எடுக்க பதிவு பெற்ற ஆள் தான் வரணும், தொழிலாளர் துறைக்கு முன்கூட்டியே சொல்லணும், எடுத்தத பிளாஸ்டிக்ல சுத்தி அதுக்குன்னு இருக்கிற எடத்துல தான் கொட்டணும். அக்கம்பக்கத்துல வாரக்கடைசில ராத்திரியோட ராத்திரியா கழட்டி பள்ளத்துல தள்ளிட்டுப் போறாங்க, கொழந்தைங்க வெளையாடுற எடம். உங்க பட்ஜெட்ல முதல் செலவு இதுவா இருக்கட்டும். பழைய ஷீட்ட முறையா எறக்கி, வெளிர் நிறத்துல இரும்பு ஷீட்டு, அதுக்கடில இன்சுலேஷன், அப்புறம் சீலிங்கு. அந்த இட்லி பாத்திரம் பாதி ஆறிரும்.

யாழ்_குருக்கள் எழுதியது:

வணக்கம். நான் இஞ்ச ஒரு கோயில்ல பூசை செய்யிறன், வந்து ஆறு வருசம். வீடு கட்டுறதப் பற்றி எனக்குத் தெரியாது, தண்ணியப் பற்றி மட்டும் ஒரு கதை.

2022 ஏப்ரல்ல இஞ்ச வந்த வெள்ளத்தில நானூறுக்கு மேல சனம் செத்தது எல்லாருக்கும் தெரியும். அதுக்குப் பிறகு டோங்காட் பக்கம் தண்ணி சுத்திகரிக்கிற நிலையம் உடைஞ்சு மாசக்கணக்கா குழாயில தண்ணி இல்ல. மழையில ஊரே மூழ்கினது, அபிசேகத்துக்கு ஒரு குடம் தண்ணி இல்ல! நாங்கள் டேங்கர் லொறிக்கு வாளியோட வரிசையில நிண்டனாங்கள். அப்ப தான் நான் தலையில அடிச்சுக்கொண்டன், மண்டபத்துக் கூரையில விழுந்த அவ்வளவு தண்ணியும் பீலியால போய் ரோட்டில ஓடினதெல்லோ. யாழ்ப்பாணத்தில கிணத்த நம்பிச் சீவிச்ச சனம் நாங்கள், இஞ்ச வந்து குழாய நம்பி மறந்து போனம். இப்ப மண்டபத்துக்குப் பின்னால ரெண்டு பெரிய ஜோஜோ டாங்கி நிக்குது. முதல் மழைத் தண்ணிய விட்டிட்டுப் பிடிக்கிறம். சுவாமிக்கு அது தான், வெளி வீதி கழுவுறதுக்கும் அது தான்.

உம்பிலோ ஆத்தங்கரையில 1875ல கட்டின கோயில் 1905 வெள்ளத்தில போய், பிறகு இண்டைக்கு நிக்கிற கோயில 1947ல கட்டினவை எண்டு பெரியாக்கள் சொல்லுவினம். ஆத்துக்கு எவ்வளவு இடம் வேணும் எண்டு ஆறு தான் முடிவு செய்யும். உங்கட வளவு சரிவில இருந்தா முதல்ல அதப் பாருங்கோ.

வரைபடக்காரன் எழுதியது:

குருக்கள் சொன்னதோட சேத்துக்கோங்க. டர்பன்ல வருஷத்துக்கு சுமாரா 1,000 மில்லிமீட்டர் மழை. உங்க பாதி வீட்டுக் கூரை 60 சதுர மீட்டர்னு வச்சா கூட 60,000 லிட்டர் விழுது. ஆனா பெரும்பாலும் கோடைல தான் விழும், குளிர்காலத்துல தொட்டி காலியா கெடக்கும், அத தெரிஞ்சுக்கிட்டு அளவு வாங்குங்க. ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தண்ணிய குடிக்கவோ சமைக்கவோ எடுக்காதீங்க, அந்தக் கூரைய மாத்தின பின்னாடி தான் தொட்டி.

சரிவு விஷயமும் சரி தான். பின்பக்கம் ஓடை, புதர்க்காடுன்னு இருந்தா உங்க மனைல ஒரு பகுதி டிமாஸ் வரைபடத்துக்குள்ள வருதான்னு பாத்துருங்க. நகராட்சி காப்பாத்தி வச்சிருக்கிற பச்சை நிலத் தொடர் அது, 1980கள்ல இருந்து போட்டு வச்சிருக்காங்க. அதுக்குள்ள வந்தா சுற்றுச்சூழல் பிரிவு ஒப்புதல் இல்லாம ஒரு அடித்தளம் கூட தோண்ட முடியாது. ஜனங்க இத தொந்தரவுன்னு திட்டுவாங்க. 2022க்கு அப்புறம் நான் திட்டுறத நிறுத்திட்டேன், சரிவுல மண்ணைப் புடிச்சு வச்சிருந்தது அந்த மரங்க தான்.

ஜோபர்க்_அக்கா எழுதியது:

நான் ஒரு வார்த்தை மட்டும். நாங்க இங்க 'எட்ஜ்' சர்டிஃபிகேட் வாங்கின அபார்ட்மெண்ட்ல இருக்கோம். கரண்டு, தண்ணி, கட்டுமானப் பொருள்ல அடங்கின சக்தி மூணுலயும் சாதாக் கட்டடத்த விட 20 சதமாச்சும் கம்மியா இருந்தா தான் அந்தப் பட்டம். பில்லு கம்மியா வருது, அது உண்மை. ஆனா லெவி (மாசா மாசம் கட்டுற பராமரிப்புக் காசு) அதிகம், அதையும் சொல்லணும்ல. பெரிய ஆபீசுங்களுக்கு வாசல்ல ஏ முதல் ஜி வரைக்கும் எழுத்து போட்டு சர்டிஃபிகேட் மாட்டணும்னு 2020 டிசம்பர்ல விதி வந்துச்சு, தனியார்னா 2,000 சதுர மீட்டருக்கு மேல, சர்க்காரு கட்டடம்னா 1,000. எங்க ஆபீஸ்ல அத ஒரு செடிக்குப் பின்னாடி மாட்டி வச்சிருக்காங்க, என்ன எழுத்துன்னு நீங்களே யூகிச்சுக்கோங்க. வீட்டுக்கு அது கெடையாது, அதனால தம்பி அத நெனச்சு பயப்பட வேணாம்.

இடிக்கிற விஷயத்துல எனக்கு ஒண்ணு தான் தோணுது. உலகத்துல வெளிய வர்ற கரியமில வாயுல ஏறக்குறைய 8 சதம் சிமெண்ட்ல இருந்து வருது. நல்லா நிக்கிற செவத்த ஒடச்சு குப்பைல கொட்டிட்டு, புது சிமெண்ட்ல கட்டி அதுக்கு மேல ரெண்டு பேனல் மாட்டி கிரீன் வீடுன்னு பேரு வச்சா, மீன் கொழம்பு வச்சுட்டு சைவம்னு எல போடுற மாதிரி இல்ல?

மருமகன்_நெல்லை எழுதியது:

ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். நடந்தது இது தான். வரைபடக்காரர் அண்ணன் சொன்ன மாதிரி எஞ்சினியர் ஒருத்தர கூட்டிட்டுப் போய் காட்டினோம். செவரு நல்லாருக்குன்னு சொல்லிட்டாரு. பொதுச் செவருன்னதும் பக்கத்து வீட்டு ஆண்ட்டி, "நாங்களும் அதே நேரத்துல ஆஸ்பெஸ்டாஸ எறக்கிடுறோம், ஒரே ஆளு வந்தா செலவு பாதிப் பாதி"ன்னாங்க. இது எங்களுக்குத் தோணவே இல்ல. மாமனாருக்கு மாடி ஆசை இன்னும் போகல, ஆனா பின்பக்கம் ஒரு ரூமும் பாத்ரூமும் சேத்துக் கட்டுறதுக்கு எறங்கி வந்துட்டாரு. மச்சான் வீட்டு கீசர வடக்குப் பக்கம் திருப்பியாச்சு, மூணாவது நாளு மத்தியானம் மச்சான் போன் பண்ணி "கை சுடுது மாமா"ன்னான். மாமனார் சோலாருக்கு ஒத்துக்கிட்டது என் கணக்கால இல்ல, அந்தப் போனால.

இப்ப கடைசி சிக்கல். சேத்துக் கட்டுற ரூமுக்கு மேக்குப் பக்கம் ஆயாவோட மாமரம் குறுக்க நிக்குது. வந்த புதுசுல கொட்டை போட்டு மொளைச்சது, இப்ப கூரைக்கு மேல படந்து நிக்குது. மாமனார் வெட்டணுங்கிறார்.

வரைபடக்காரன் எழுதியது:

மேக்கு பக்கமா? தொடாதீங்க! அது நிக்கிறதால தான் அந்தச் செவரு சாயங்காலம் கொதிக்காம இருக்கு, இன்சுலேஷனுக்குக் காசு குடுத்தாலும் அந்த நெழல் வராது. ரூம கெழக்கால ஒரு ஒண்ணரை மீட்டர் நகத்தி வரைஞ்சு தர்றேன், வேருக்கு எடம் விட்டு அஸ்திவாரம் போடலாம். கூரைல எல விழும், பீலிய மாசம் ஒரு தடவ தள்ளி விடுங்க. பிளான்ல மரத்தையும் வரைஞ்சு 'இருக்கும் மரம், அப்படியே விடப்படும்'னு எழுதிருவேன்.

மருமகன்_நெல்லை எழுதியது:

சரி அண்ணே, இந்த சனிக்கெழம வந்து அளவெடுத்துக்கோங்க, மத்தியானச் சாப்பாடு இங்க தான். மரத்த பிளான்ல வரையப் போறோம்னு ஆயாகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "மரத்த வெட்டாம விடுறதுக்குக் கூட கவுன்சில்ல கையெழுத்து வாங்கணுமா"ன்னு கேட்டாங்க. அப்புறம் ஊறுகாய் பாட்டில் ஒண்ணு எடுத்து வச்சிருக்காங்க, உங்களுக்காம்.